கோபத்துக்கு ஒரு கொல்லைப்புறம்

பல்செட்காரருக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்தக் குடும்பம் கலையாமல் இருந்ததற்கு அன்போ பொறுமையோ காரணமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அதுதான் காரணம்.

வீடு இரண்டே அறை. முன்னறை அவர் பல்செட் செய்கிற பட்டறை. மெழுகு உருக்குகிற சட்டி, பிளாஸ்டர் மூட்டை, அலமாரி முழுக்க ஊரார் ஈறுகளின் அச்சு. உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்து ஒரு கூட்டமே வாயைப் பிளந்துகொண்டு நிற்பதுபோல் இருக்கும். பின்னறையில் அடுப்பு, கட்டில், பீரோ, அப்புறம் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். எந்த வாரம் என்று அவர் சொல்லவில்லை.

மனைவிக்கு பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை. வண்டி ரத்து என்று அவள் சொன்னால்கூடக் கேட்கிறவனுக்குக் கோபம் வராது, அப்படிக் குழைவான குரல். சாயங்காலம் அந்தக் குரலை மைக்கோடு சேர்த்து அங்கேயே பூட்டிவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கென்று வேறு குரல் வைத்திருந்தாள்.

சண்டை வரும். உப்பு, துண்டு, மச்சான், விசிறியின் வேகம் என்று எதற்கு வேண்டுமானாலும் வரும். முற்றிப்போனால் இரண்டு பேரில் யாருக்குக் கோபம் அதிகமோ அவர் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். அங்கே காய்க்காத எலுமிச்சை ஒன்று, யாரோ துப்பிய விதையில் முளைத்த பூசணிக்கொடி, பேர் தெரியாத செடி கொடி, பிசகிப்போன பல் அச்சுகளைக் கொட்டிய குவியல், சுற்றி ஒரு மதில். மதிலைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். உள்ளே இருக்கிறவர் கூப்பிடக் கூடாது. நிற்கிறவர் தணிந்ததும் தானாக வந்து, ஒன்றுமே நடக்காததுபோல், தண்ணீர் மொண்டு குடிப்பார். யாரும் உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. பேசியிருந்தால் அதிலும் சண்டை வந்திருக்கும்.

இப்படி இருக்கையில்தான் தோட்ட வகைப்பாட்டு வாரியம் அவர்கள் தெருவுக்கு வந்தது.

வாரியத்தின் விதி ஒற்றை வரி: ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வகை இருக்க வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நோக்கம் இருக்க வேண்டும். நோக்கமில்லாமல் செடி நிற்கிற இடத்தில் வாரியமே சிமெண்டு பூசித் தந்துவிடும். எதிர்வீட்டு வாத்தியார் தன் தோட்டத்தைப் பற்றி, சும்மா பார்க்க நன்றாக இருக்கும் என்று உண்மையைச் சொல்லி வைத்தார். ஒரே நாளில் பூசிவிட்டார்கள். இப்போது அங்கே வாரியத்தின் ஜீப் நிற்கிறது. ஜீப்புக்கு நோக்கம் இருக்கிறதாம்.

பல்செட்காரர் பதறிப்போய் வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே மாடிக்கு ஒரு வகை. கீழே சமையல் தோட்டம், அதற்கு மேலே மூலிகை, அதற்கும் மேலே நினைவுத் தோட்டம், பிறகு பாறை, பட்டாம்பூச்சி, தியானம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு மாடிக்காரர்கள் இன்னொரு மாடிக்காரர்களோடு பேசுவதில்லை. கட்டடத்தைச் சுற்றிச் செடி ஒன்றும் இல்லை. விசாரித்ததில், வாரியத்தின் தோட்டம் எந்த வகை என்று முடிவாவதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டதாகத் தெரிந்தது.

உங்கள் தோட்டம் எதற்கு என்று கேட்டார்கள். கோபித்துக்கொண்டு போய் நிற்பதற்கு என்று சொல்ல அவருக்கு நாக்குக் கூசியது. பூசணிக்கொடி நினைவுக்கு வந்து, சமையல் தோட்டம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வந்த ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கழுத்தில் கத்தரிக்காய்ப் படம் போட்ட அட்டை தொங்கியது. வாய் நிறைய வணக்கம் சொல்லிவிட்டு, கொல்லைக்குப் போகாமல் நேரே அடுப்பங்கரைக்குப் போய் உட்கார்ந்தார். சமையல் தோட்டத்தைச் சோதிக்கிற இடம் சாப்பாட்டு இலைதான், செடியில்லை என்றார். வேறு வழியில்லாமல் மனைவி அந்தப் பூசணியை அறுத்துச் சமைத்துப் போட்டாள். துப்பிய விதையில் வந்த காய், வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது. ஆய்வாளர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் முழுவதையும் சாப்பிட்டார். பிறகு, இந்தத் தோட்டத்துக்குச் சமைக்கிற நோக்கம் இருக்கலாம், ஆனால் சாப்பிடுகிற நோக்கம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மோர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்.

கசப்பாக இருந்தால் மருந்துதானே என்று யோசனை சொன்னது மச்சான். அதுவும் சரிதான் என்று மூலிகைத் தோட்டமாக மாற்றிச் சொன்னார்கள்.

மறுபடியும் அதே ஆய்வாளர்தான் வந்தார். வாரியத்தில் ஆள் பற்றாக்குறை. கழுத்து அட்டையில் கத்தரிக்காய் போய்த் துளசி வந்திருந்தது. பிரிவு மாறிவிட்டதால் வீட்டை முதல் தடவையாகப் பார்க்கிற கண்ணோடு பார்த்து, "இதுதான் வீடுங்களா?" என்று கேட்டார். மோர் கொடுத்த மனைவிக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

மூலிகைத் தோட்டம் என்றால் வீட்டில் நோயாளி இருக்க வேண்டும். மச்சான் தயாராக முழங்காலை நீட்டினார். அவருக்கு வேலை என்று எதைச் சொன்னாலும் வலிக்கிற முழங்கால் அது. ஆய்வாளர் கண்ணெதிரே பேர் தெரியாத இலைகளை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். யார் செய்த புண்ணியமோ, மச்சான் எழுந்து நடந்தார். வாசற்படி ஏறி இறங்கிக்கூடக் காட்டினார்.

பல்செட்காரர் சந்தோஷப்பட்டார். ஆய்வாளர் வருத்தப்பட்டார்.

"குணமாயிடுச்சே சார்" என்றார் ஆய்வாளர்.

"ஆமாங்க. நல்லதுதானே?"

"நோய் தீர்ந்துட்டா தோட்டத்தோட நோக்கமும் தீர்ந்துபோச்சு. சிமெண்டு பூசணும்."

"அப்ப குணமாகாம இருந்திருந்தா?"

"அது மூலிகைத் தோட்டமே இல்லைன்னு ஆகியிருக்கும். அப்பவும் பூசணும்."

பல்செட்காரர் இதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார். எந்தப் பக்கத்துப் பல்லிலும் அரைபடவில்லை. ஆய்வாளரே மனமிரங்கி, மேல்மாடியில் கொஞ்சம் தாராளமாக இருப்பார்கள், நினைவுத் தோட்டம் முயற்சி பண்ணுங்கள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

நினைவுத் தோட்டத்துக்கு ஒரு குறை இருந்தது. யாராவது செத்திருக்க வேண்டும். பல்செட்காரரின் அப்பா அம்மாவுக்கு ஊர்ப் பொது நினைவுத் தோட்டத்தில் ஏற்கெனவே இடம் கொடுத்தாகிவிட்டது. ஒருவரை இரண்டு இடத்தில் நினைப்பதற்கு வாரியத்தில் அனுமதி கிடையாது. நினைவுத் தோட்ட மாடியிலிருந்து, இந்தத் தடவை மெழுகுவத்தி அட்டையோடு வந்த ஆய்வாளர், கட்டிலில் படுத்திருந்த மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"வேலை வெட்டி?"

"இல்லை."

"எழுந்து நடமாட்டம்?"

"சாப்பாட்டு நேரத்துல."

காகிதத்தில் இறந்தால் போதும், உடம்பு தன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஆய்வாளர் விளக்கினார். மனைவி அப்போது வேலைக்குப் போயிருந்தாள். மச்சான் எல்லாவற்றையும் தீர விசாரித்தார். இறந்த பிறகும் சாப்பாடு உண்டா, கட்டில் இதேதானா, யாரும் வேலை தேடச் சொல்ல மாட்டார்களே என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சாதகமான பதில் வந்தது. "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை மாப்பிள்ளை, உங்க நல்லதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நினைவுத் தோட்டத்தைத் திறந்துவைக்க வாரியத் தலைவரே வந்தார். கொல்லையில் நாற்காலிகள் போட்டார்கள். எலுமிச்சை மரத்தில் மச்சானின் படத்தை மாட்டினார்கள். வந்தவர்களுக்கு மச்சான்தான் தண்ணீர் கொடுத்தார். தலைவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, படத்தையும் பார்த்து, இவரையும் பார்த்து, "அண்ணன் தம்பியா? அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. தைரியமா இருங்க" என்று தோளில் தட்டினார். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவரிடம் யாரும் இத்தனை பரிவாகப் பேசியதில்லை.

பிறகு தலைவர் பேசினார்.

"ஒரு காலத்துல ஜனங்க தோட்டத்துக்குப் போவாங்க, வருவாங்க. எதுக்குப் போனேன்னு கேக்க ஆளில்லை. மரம் பாட்டுக்கு நிக்கும். பூ பாட்டுக்குப் பூக்கும். அந்த அராஜகத்தை இந்த வாரியம் ஒழிச்சிருக்கு. இன்னிக்கு இந்த ஊர்ல ஒரு புல்லுகூடக் காரணம் சொல்லாம முளைக்க முடியாது. நான் பதவிக்கு வந்தப்ப இங்க வீட்டுக்கு வீடு தோட்டம் இருந்துச்சு. எண்ண முடியலை, எங்க பணியாளர்கள் ரொம்பச் சிரமப்பட்டாங்க. இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். எண்ண முடிஞ்சாத்தானே நிர்வாகம்? சிலபேர் கேக்கறாங்க, உங்களுக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்னு. தெரியாததாலதான் என்னைப் போட்டாங்க. தெரிஞ்சவனைப் போட்டா ஒரு செடி பக்கம் சாஞ்சிடுவான். எனக்கு எல்லாச் செடியும் ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். மச்சான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி வேலை முடிந்து வந்தாள். வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே வந்தால், அண்ணன் படத்துக்கு மாலை. அண்ணன் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு விஷயம் புரிய நேரம் பிடிக்கவில்லை. புருஷனைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டது பின்னறைக்குத்தான், கேட்டது தெரு முழுக்க.

"எங்கண்ணன் சோம்பேறிதான், நான் இல்லைன்னு சொல்லலை. அதுக்காக உயிரோட இருக்கிறவருக்கு மாலை போடுவீங்களா? நாளைக்கு தியானத் தோட்டம்னு வந்தா என் வாயைத் தைச்சிடுவீங்களா?"

பல்செட்காரர் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். அவள் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

துக்கம் தாங்காமல் நிற்கிறாள் என்று முன்வரிசையில் ஒருத்தர் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் மட்டும் பல்செட்காரரை அருகே அழைத்து, அந்த அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவர் உள்ளதைச் சொன்னார். கோபம் வந்தால் நாங்கள் இங்கே வந்து நிற்போம். தணிந்தால் உள்ளே போவோம். இந்தத் தோட்டம் அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

சொல்லிவிட்டுச் சிமெண்டு மூட்டையை எதிர்பார்த்து நின்றார். ஆனால் தலைவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. வாரியத்துக்குப் புதிய வகை ஒன்று கிடைத்து வருஷக்கணக்காகியிருந்தது. புதிய வகை என்றால் புதிய மாடி. அங்கேயே எழுந்து, 'சினத்தணிப்புத் தோட்டம்' என்ற வகையை அறிவித்தார். மச்சானின் படத்தைக் கழற்றினார்கள். ஆனால் மச்சானைத் திரும்ப உயிரோடு எழுதிக்கொள்ள விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மச்சானும் வற்புறுத்தவில்லை.

அன்று ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகத் தூங்கினார்கள். தொல்லை விட்டது என்று நினைத்தார்கள்.

நோக்கம் என்று ஒன்று இருந்தால் அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். கழுத்து அட்டையில் முறைத்த முகம் ஒன்று. பட்டறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க" என்றார்.

எதை என்று கேட்டார் பல்செட்காரர்.

சண்டையை. ஆய்வு நாளில் ஒரு சண்டையாவது நடந்தாக வேண்டும். காரணம் நியாயமாக இருக்க வேண்டும், ஒருவராவது கோபித்துக்கொண்டு கொல்லைக்குப் போக வேண்டும், தணிந்து திரும்ப வேண்டும். இல்லையென்றால் தோட்டம் பயன்பாட்டில் இல்லை என்று எழுதிவிடுவார்.

கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்றார்கள். இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்த சண்டை, வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. பல்செட்காரர் தொண்டையைச் செருமி, உப்பு ஜாஸ்தி என்றார். யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றதும் மனைவிக்கு வேலைக் குரல் வந்துவிட்டது. "உங்கள் கவனத்துக்கு. உப்பு வழக்கமான அளவிலேயே போடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் அதே கதி. வேண்டுமென்றே முதல் நாள் சண்டை போடாமல் சேர்த்து வைத்துக்கூடப் பார்த்தார்கள். ஆள் வந்து உட்கார்ந்ததும் சேர்த்தது எல்லாம் எங்கேயோ போய்விடும். நாலாவது தடவை ஆய்வாளரே களத்தில் இறங்கினார். அவருடைய பதவி உயர்வு இந்தப் புதிய மாடியை நம்பி இருந்தது. பல்செட்காரரிடம் திரும்பி, இந்த அம்மா சமையலைச் சாப்பிட்டவன் நான், நீங்கள் எப்படித்தான் சகிக்கிறீர்களோ என்றார். மனைவியிடம் திரும்பி, வாயில் விரல்விட்டுப் பிழைக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டீர்களே என்றார்.

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து ஆய்வாளர் பக்கம் திரும்பினார்கள்.

அன்றைக்குக் கத்தரிக்காய் அட்டையில் தொடங்கி முறைத்த முகம் வரைக்கும் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் நாகரிகமாக இருக்காது. முதலில் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பதில் பேச ஆரம்பித்தார். ஒரே சம்பளத்தில் எல்லா மாடியும் ஏறி இறங்குகிற தன் காலைப் பற்றிப் பேசினார். கசப்புப் பூசணி தின்ற வயிற்றைப் பற்றிப் பேசினார். கடைசியில் எழுந்து, விறுவிறுவென்று பின்கதவைத் திறந்துகொண்டு போய் மதிலைப் பார்த்து நின்றார். வெயில் சாய்கிற வரைக்கும் நின்றார். பிறகு உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

அவர் உண்மையான மனிதர். நடந்ததை நடந்தபடி எழுதினார். அதுதான் வினையாகிப்போனது. வீட்டாருக்கு உபயோகப்படாத தோட்டம் வெளியாளுக்கு உபயோகப்படுவதால், அது பொதுத் தோட்டம் என்று தலைவர் உத்தரவு போட்டார்.

மறுநாளிலிருந்து தெருவில் வரிசை. ஊரில் கோபம் என்ன கொஞ்சமா இருந்தது? மேலதிகாரி திட்டிய குமாஸ்தா, மருமகளோடு முறைத்துக்கொண்ட மாமியார், மாமியாரோடு முறைத்துக்கொண்ட அதே மருமகள், பல்செட் கடித்த கோபத்தில் வந்த பல்செட்காரரின் வாடிக்கையாளர் ஒருத்தர் என்று எல்லோரும் வந்தார்கள். பட்டறை வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். வரிசைக்கு டோக்கன் கொடுக்க மச்சானை நியமித்தார்கள். இறந்தவருக்குச் சம்பளம் கொடுக்க விதியில்லை என்பதால் வாரியத்துக்குச் செலவும் இல்லை. மச்சான் வாழ்நாளில் பார்த்த முதல் வேலை அதுதான், அதையும் வாழ்நாள் முடிந்த பிறகுதான் பார்த்தார்.

ஒரு நாள் நிஜமாகவே சண்டை வந்தது. அவள் புடவையில் அவர் மெழுகைச் சிந்திவிட்டார். ஆத்திரத்தோடு அவள் பின்கதவுக்குப் போனால், "டோக்கன் வாங்கிட்டு வாம்மா, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் அண்ணன். அவள் போய்த் தெருக்கோடியில் வரிசையின் கடைசியில் நின்றாள். உள்ளே தனியாக இருக்கக் கூசி, அவரும் போய் அவளுக்குப் பின்னால் நின்றார். பிறகு முன்னால் நிற்கிறவனின் வழுக்கையைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பாதி வரிசை நகர்வதற்குள் புடவை விஷயம் தீர்ந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இது அவர்களுக்கு மட்டும் நடக்கவில்லை. வரிசையில் நின்ற குமாஸ்தாவும் மாமியாரும் மருமகளும் இப்படித்தான் பாதியிலேயே தணிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் போய் நிற்கிறவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் யாருமே உள்ளே போகவில்லை. வாரியம் அவசரமாகக் கூடியது. தலைவர் நேரில் வந்து, காலியாக இருந்த கொல்லையையும் நிரம்பி வழிந்த தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சினத்தைத் தணிக்கிறது வரிசை" என்றார். "நாம இத்தனை நாளா ஒரு வரிசையைத் தோட்டம்னு தப்பா வகைப்படுத்தியிருக்கோம்."

தப்பு உடனே திருத்தப்பட்டது. வரிசையை வாரிய அலுவலக வாசலுக்கு மாற்றினார்கள். அதற்கென்று அங்கே தனி மாடியும் கட்ட ஆரம்பித்தார்கள். அது எதற்கான வரிசை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் மட்டும் குறைவதில்லை. கொல்லையைப் பொறுத்தவரை, ஆய்வாளர் வந்து கடைசி உத்தரவைப் படித்துக் காட்டினார். மேற்படி இடத்துக்குத் தோட்டத்துக்குரிய எந்த நோக்கமும் இல்லாததால் அது தோட்டமே இல்லை. தோட்டமே இல்லாத இடத்தின் மேல் தோட்ட வாரியத்துக்கு அதிகாரமும் இல்லை, சிமெண்டும் இல்லை.

படித்து முடித்துவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். எப்போதாவது, அட்டை இல்லாமல், சும்மா வந்து நிற்கலாமா என்று கேட்டார். மனைவி மோர் கொடுத்து, தாராளமாக வாருங்கள், முன்கூட்டி மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் சண்டை வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கொல்லை காலியாக இருந்தது. இன்றைக்கு முதலில் யார் போய் நிற்பது என்பதில்தான் சண்டை. உன்னைவிட எனக்குத்தான் கோபம் அதிகம் என்று அவர் சொன்னார். உங்களுக்கு எந்தக் காலத்தில் என்னைவிட அதிகமாக வந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் பின்கதவு வழியாக வெளியே போய், எலுமிச்சைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், மதிலைப் பார்த்து நின்றார்கள்.

மச்சான் சத்தமில்லாமல் எழுந்து பின்கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கட்டிலில் நன்றாகக் கைகாலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.